தொகுதியும் பகுதியும்

பாம்பன் தெற்குவாடியிலும் சின்னப்பாலத்திலுமாக
இருநூறு படிவம்.
ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய், பேருந்துக் காசு தனி.
வயது என்ன, வாக்களித்தீர்களா, ஆம், இல்லை.
வேறு கட்டம் கிடையாது.

களஞ்சியத்துக்குப் பிறந்த தேதி தெரியவில்லை.
தனுஷ்கோடி அழிந்தபோது தாய்ப்பால் குடித்தாராம்.
அறுபதுக்கு மேல் என்ற கட்டத்தில் போட்டேன்.
நானும் போட்டேன் என்றார் அவர்,
மை அழிந்த விரலை நீட்டி.
ஒருத்திக்கு ஆதாரில் முப்பது,
அம்மா கணக்கில் இருபத்தொன்பது.
ஆதாரை எடுத்துக்கொண்டேன். அது அரசாங்கம் பெற்ற வயது.

ராத்திரி விடுதியில் அட்டவணை.
முப்பது ஆகாதவர்கள் அறுபது பேர், போட்டது இருபத்தேழு.
நாற்பத்து நாலு வரை எழுபதுக்கு நாற்பத்தொன்பது.
அறுபதுக்குள் நாற்பதுக்கு முப்பத்து நாலு.
முதியோர் முப்பதில் இருபத்து நாலு.
இருநூறு சீட்டையும் மீன்கூடையில் போட்டுக் குலுக்கி
கண்ணை மூடி ஒன்றை எடுத்தால்
அது வாக்களித்தவர் சீட்டாயிருக்க
நிகழ்தகவு புள்ளி ஆறு ஏழு.
இளையோர் கூடையில் மட்டும் கைவிட்டால்
புள்ளி நாலு அஞ்சு.
ஆகவே வயதும் வாக்கும்
சார்பிலா நிகழ்ச்சிகள் அல்ல என்று எழுதினேன்.
இந்தக் கரையில் எதுதான் சார்பில்லாதது?
கச்சான் அடித்தால் பள்ளிக்கூட வருகைப் பதிவே மாறுகிறது.

மதுரை அலுவலகத்திலிருந்து பிரசன்னகுமார் சார்:
"போடாதவர்களில் பாதிப்பேர் இளைஞர்கள், இல்லையா?"
ஆமாம் சார், அறுபத்தாறில் முப்பத்து மூன்று.
"அப்போ இளைஞர்களில் பாதிப்பேர் போடவில்லை."
அது வேறு கேள்வி சார்.
அதற்கு விடை புள்ளி அஞ்சு அஞ்சு.
மீனெல்லாம் ஈரம் என்பதால்
ஈரமெல்லாம் மீனாகிவிடாது.
சிரித்தார். "கிட்டத்தட்ட ஒன்றுதானே.
தலைப்பு கிடைத்துவிட்டது: அக்கறையற்ற தலைமுறை."

முப்பத்து மூன்று படிவத்தையும் மறுபடி விரித்தேன்.
பதினெட்டில் பதில் சொன்னது அம்மா, அல்லது மனைவி.
ஓரத்தில் பென்சிலால் நானே கிறுக்கியிருந்தேன்:
நீண்டகரை. முனம்பம். நீண்டகரை. மல்பே.
தடைக்காலத்து முதல் வாரத்தில் தேர்தல் வைத்தால்
விசைப்படகு இங்கே கட்டிக் கிடக்கும்,
படகேறிப் பிழைக்கிறவன்
மேற்குக் கடலுக்குப் போயிருப்பான்.

அவர்களை எடுத்துவிட்டு வகுத்தேன்.
நாற்பத்திரண்டுக்கு இருபத்தேழு, புள்ளி ஆறு நாலு.
மொத்தத்தையும் அதேபோல் திருத்தினால் புள்ளி ஏழு நாலு.
இடைவெளி சுருங்கியது, மூடவில்லை.
முப்பது தாண்டியவர்களிலும் போனவர்கள் இருப்பார்கள்,
அவர்கள் படிவத்தில் நான் கிறுக்கவில்லை. என் தப்பு.
மீதிப் பதினைந்து பேர் ஊரில்தான் இருந்தார்கள்.
ஒருவன் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினானாம்,
ஒருவனுக்கு மேட்ச்.
அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

பின்னம் நடத்தும்போது பள்ளிக்கூடத்தில்
மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்றார்கள்.
தேர்தலன்று தொகுதியில் இல்லாத பதினெட்டுப் பேர்
பகுதியில் அப்படியே நிற்கிறார்கள்.

விடுபட்ட ஒரு கையெழுத்துக்காக
மறுநாள் சின்னப்பாலம் போனேன்.
பாசி எடுக்கச் சுற்றிய விரல்துணியை அவிழ்த்தபடி
டெல்மா கேட்டாள்:
"எங்க வீட்டாளு உங்க கணக்குல வர்றாரா?"
வர்றார்.
"எந்த எடத்துல?"
படிவத்தின் பின்புறம் கோடு போட்டுக் காட்டினேன்.
கோட்டுக்குக் கீழே.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.
"பேரு இருக்குல்ல?"
இல்லை. நூற்றுப் பதினேழு என்று ஓர் எண்தான்.
பேருக்குக் கட்டம் கிடையாது.
"இன்னாசின்னு எழுதிக்கங்க."
எழுதினேன், ஓரத்தில்,
மல்பேக்குப் பக்கத்தில்.